இடப்பக்கம் இழுத்த கார்

எங்கள் நீலக் காரின் ஸ்டியரிங் ஒரு காலத்தில் கோணலாக நின்றது. கார் நேராகப் போக வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். கை தளர்ந்தால் கார் இடப்பக்க வடிகானை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். அந்த ஸ்டியரிங்கில்தான் என் மனைவி கார் ஓட்டப் பழகினாள்.

தெல்தோட்டையில் அவள் ஆசிரியை. குண்டசாலையில் எங்கள் வீட்டிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலையேற இன்னொன்று. லைசன்ஸ் எடுத்தால் அந்த அலைச்சல் தீரும் என்று ஆசைப்பட்டாள். நானோ பக்கத்தில் இருந்து எரிந்து விழுந்தேன். "நேராப் பிடியும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? கானுக்க விடப்போறீரே?" என்பேன். "நான் நேராத்தான் பிடிக்கிறன். கார்தான் இழுக்குது" என்பாள். "உமக்கு மட்டும் இழுக்குதோ?" என்று வாயை அடைப்பேன். கண்ணூறாக்கும் என்று நினைத்து அவளே காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நான்கு சில்லுகளுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். காரணம் தெரிந்த நானும் கைகூப்பி நின்றேன்.

காரணம் இதுதான். அவள் பழகத் தொடங்குவதற்கு முந்தின வாரம், அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போது, ஒரு வளைவில் மதகுக் கல்லில் காரை மோதியவன் நான். கீறலுக்கு அன்றைக்கே பெயின்ற் பூசுவித்துவிட்டு, சில்லைப் பார்க்காமல் விட்டேன். இருபது வருடம் ஓட்டியவன் என்ற வீறாப்பு.

கடைசியில் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோக, இருவருமாகக் கம்பளைக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கப் போனோம். அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக், "எங்கயோ பலமா அடிபட்டிருக்குங்க ஐயா. வீலைத் திருப்புற கம்பியே வளைஞ்சு போச்சு. யாரு ஓட்டுனது?" என்று கேட்டார்.

"இவதான் பழகிறா" என்றேன். பொய்யில்லை, பொய்யைவிடக் கேவலம்.

"ஏம்மா, ரோட்டு அகலமாத்தானே கெடக்கு!" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது கார் நூல் பிடித்ததுபோல ஓடியது. "இப்ப ஓடிப் பாருமன்" என்றேன். "வேண்டாம். எனக்கு பஸ்ஸே போதும்" என்றாள். பெரிய ரோசம் என்று அதற்கும் எரிச்சல்பட்டேன். ஓய்வு பெறும்வரை இரண்டு பஸ்ஸில்தான் போனாள்.

இப்போது என் பார்வை மங்கிவிட்டது. கார் ஓட்டக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்குக்குப் போவதென்றால் த்ரீவீலருக்காகக் கேற்றடியில் காத்து நிற்கிறோம். போன வாரம் அப்படி நிற்கும்போது அவளிடம் மதகுக் கதையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். "கம்பளையால வந்த அடுத்த நாளே கண்டனான். கல்லில எங்கட நீலப் பெயின்ற். அந்த வளைவில பஸ் மெதுவாத்தானே திரும்பும்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

த்ரீவீலர் வந்தது. ஏறும்போது கராஜைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஸ்டியரிங் மங்கலாகத் தெரிந்தது. கம்பளையில் நிமிர்த்திய நாளிலிருந்து அதில் ஒரு கோணலும் இல்லை.