ஹவுராவில் அச்சுக் கோத்த தமிழ்

தொண்ணூறுகளின் நடுவில் வங்கி வேலை என்னைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி திருச்சியிலேயே இருந்துவிட்டாள். அறைக்குத் திரும்பினால் பேச்சுத் துணை கிடையாது. அதனால்தான், நம்மவர்கள் நடத்திய ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பிழை திருத்தும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மலர் அச்சானது ஹவுராவில், ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகத்தில். மலர் வேலை நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை மதியம் ஃபெர்ரியில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போவேன். அங்கே அச்சுக் கோத்தவர் ஐம்பது வயது வங்காளி. முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு தமிழரிடம் எழுத்துகளின் வடிவத்தை மட்டும் கற்றிருந்தார். தமிழ் படிக்கத் தெரியாது. பிரதியைப் பார்த்தபடியே இருப்பார்; விரல் தானாக எழுத்துப் பெட்டியின் சரியான அறைக்குப் போய் ஈய எழுத்தை எடுத்துவரும். எப்போதாவது ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே பாபு, நீங்க எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்று வங்காளத்தில் கேட்பார். பாபு என்றால் அங்கே ஐயா, தாதா என்றால் அண்ணன்.

"படிச்சா தெரிஞ்சிடும் தாதா."

"எனக்கு அந்த வசதி இல்லையே!" என்று சிரிப்பார்.

ஐந்தாறு மலர்கள் இப்படி வந்தன. பிறகு சங்கச் செயலாளர் அச்சு வேலையை சால்ட் லேக் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு மாற்றினார். "ரெண்டே நாள்ல முடிஞ்சிடும் சார்" என்றார். முடிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

சில மாதம் கழித்து அச்சகத்துக்குப் போனேன். தமிழ் எழுத்துகளெல்லாம் சாக்குகளில் கிடந்தன. முதலாளி உருக்குவதற்குக் கொடுக்கப்போகிறாராம். மறுநாளே செயலாளரைப் பார்த்து, ஒரு செட்டையாவது சங்கத்தில் வைத்துக் காப்பாற்றலாமே என்றேன்.

"நாற்காலி போடவே இடமில்ல சார். அத வச்சு யார் அச்சடிக்கப் போறா?"

அச்சகத்துக்குத் திரும்பப் போய் இதைச் சொன்னபோது அச்சுக் கோப்பவர் கோபப்படவில்லை. "எழுத்தை ஒரு மூலைல வைக்கலாம் பாபு. என் கை பழகினதை எங்க வைப்பீங்க?" என்றார். அவர் வேலை செய்வதை ஒரு புகைப்படம்கூட நான் எடுத்ததில்லை. அவரிடம் கற்றுக்கொள்ள ஆள் தேடியதுமில்லை.

அலமாரியிலிருந்து ஒரு பழைய மலரை எடுத்துக் கொடுத்தார். "இதுல என் பேர் இருக்கா, பாருங்க."

நன்றியுரைப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். முதலாளி பெயர் இருந்தது. பந்தல்காரர் பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. எல்லாம் அவர் கோத்தவை.

"இல்ல, தாதா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மலரை வாங்கி உள்ளே வைத்தார். அடுத்த முறை போனபோது சாக்குகள் இல்லை, அவரும் இல்லை. நோட்டுப் புத்தகம் தைக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். எந்த இடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.