காலையிலேயே எழுதிய கணக்கு

அத்தான் பேருந்து ஓட்டுநர். எட்டு வருடமாகக் குடல் அழற்சி நோய். தினமும் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார், ரத்தம் உண்டா, வலி எவ்வளவு என்று மருத்துவமனை தந்த செல்போன் ஆப்பில் பதிய வேண்டும். ஓட்டுநர்கள் அன்றைய பயணத்தாளை வண்டி எடுக்கும் முன்பே நிரப்பிவிடுவார்கள். அத்தான் ஆப்பையும் அப்படியே நிரப்பினார்: இரண்டு முறை, ரத்தம் இல்லை, வலி இல்லை. உண்மையைப் போட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம்.

நேற்று மாலை நர்ஸ் போன் செய்தார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். "சார், மலப் பரிசோதனையில அழற்சி ரொம்ப ஏறியிருக்கு. ஆப்புல மட்டும் நீங்க நல்லாவே இருக்கீங்க."

பக்கத்திலிருந்த அக்கா, "வயித்துக்கும் டைம்டேபிள் போட்டுட்டாரும்மா," என்றாள்.

அத்தானுக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"இன்னைக்கு எத்தனை தடவை சார்?"

"பதினொண்ணு. ரத்தமும் இருக்கு."

"அதையே போடுங்க. நாளைக்குக் காலையில வந்துடுங்க. வண்டி எடுக்க வேண்டாம்."

போட்டார். திரை சிவப்பாக மாறியது. யாருடைய வயிற்றையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையில் குத்தியிருந்த ஓட்டுநர் பேட்ஜைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"பத்திரமா வை. திரும்பக் கேட்பேன்."