கிளிப்பக்காவின் இருபது நிமிஷம்

கிளிப்பக்காவுக்கு ஒரு குணம். திட்டினவர்களை மறந்துவிடுவாள். அவள் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டவரை மட்டும் மறக்க மாட்டாள். அப்படி அவள் மறக்காமல் வைத்திருந்த ஒரே ஆள், ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர்.

அங்கே கண்ணாடிக் கூடத்தில் நாற்பது மரக்கன்றுகள் இருந்தன. இலை தன் மேல் விழும் வெயிலை எவ்வளவு நன்றாகச் சாப்பாடாக்குகிறது என்று அளப்பது அவள் வேலை. முன்பெல்லாம் இலையைப் பறித்து, அரைத்து, சாறெடுத்துத்தான் பார்ப்பார்கள். அளந்து முடிப்பதற்குள் இலை செத்திருக்கும். "குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்க கையை வெட்டியா பாப்பீங்க?" என்று சண்டை போட்டு, இரண்டு வருஷம் மனு எழுதி, ஒரு கருவியை வாங்க வைத்தவள் அவள்தான்.

அந்தக் கருவிக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் உண்டு. இலையில் கிளிப்பை மாட்டி, அதன் மூடியைச் சாத்தி, அந்த இடத்தை இருபது நிமிஷம் இருட்டில் விட வேண்டும். அப்புறம் கருவியைப் பொருத்தி மூடியைத் திறந்தால் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். இலை திருப்பி விடும் மினுக்கத்தைப் பார்த்துக் கருவி நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். எண்பதைத் தாண்டினால் இலை ஜம்மென்று இருக்கிறது. அறுபது என்றால், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் உள்ளே சுகமில்லை. இலையில் ஒரு கீறல் விழாது. நாளைக்கும் அதே இலையை அளக்கலாம். நான்கு வருஷம் அப்படி அளந்தாள். சட்டைப்பையில் கிளிப், காலரில் கிளிப், அவசரத்தில் தலைமுடியிலும் கிளிப். பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

போன வருஷம் வரவேற்பறையில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். இயக்குநர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கை இலையில் கிளிப் மாட்டுகிறது. கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு. அவளுடைய கைதான். மிச்ச ஆளை மணிக்கட்டோடு கத்தரித்துவிட்டார்கள். கீழே, 'இலையைக் காயப்படுத்தாமல் அளக்கும் முறையை இங்கே கொண்டுவந்தவர்' என்று அவர் பெயர்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

"விடுடி, வேலை போயிடப் போகுது" என்றாள் அவளுடைய அக்கா.

"விடறதா? என்னைக்காவது ஒரு நாள் அந்த மனுஷனை நிக்க வச்சுப் பாக்கல, என்னை என்னன்னு கேளு."

அந்த நாள் ஒரு வருஷம் கழித்து, உச்சி வெயிலில் வந்தது. கூடத்துக் கன்றுகள் வெயில் தாங்குமா என்று பார்க்க மேலிடத்துக் குழு வந்திருந்தது. தாங்கினால் அந்த ரகத்தை நிறையப் பெருக்குவார்கள். இல்லையென்றால் நாற்பதையும் பிடுங்கிவிட்டுக் கூடத்தை மூடுவார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரரும் வந்திருந்ததால் இயக்குநர் கருவியைத் தானே கையில் எடுத்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படத்துல விழற."

சரி சாமி என்று தள்ளி நின்றாள். அவர் கிளிப்பை மாட்டிய கையோடு கருவியை வைத்து அமுக்கினார். முப்பத்தெட்டு. அடுத்த இலை நாற்பத்தொன்று.

குழுத் தலைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன சார், சாகக் கிடக்கிற செடியைக் காட்டறீங்க?"

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கோ வயிறு குளிர்ந்தது. ஒரு வருஷத்துப் பசிக்கு இலை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் தலைவி பேனாவைத் திறந்து, "அப்ப நாப்பதையும் பிடுங்கிடலாம்" என்றதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அவள் குறி அவர் மேல்தான். கன்றுகள் என்ன பாவம் செய்தன?

"அம்மா, ஒரு இருபது நிமிஷம் குடுங்க" என்று முன்னால் வந்தாள். "இருட்டுல வைக்காம அளந்தா நல்ல இலையும் நோஞ்சானாத்தான் தெரியும். சாருக்குத் தெரியாததா? அவசரத்துல மறந்திருப்பாரு."

பத்து இலையில் கிளிப் மாட்டி மூடியைச் சாத்தினாள். மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்து இயக்குநரிடம் நீட்டினாள்.

"சார், இதைச் செடிக்குப் பிடிங்க. ஆடக் கூடாது. நிழல் நகந்தா மறுபடி முதல்லேருந்து இருபது நிமிஷம்."

குடைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேண்டிய இருட்டு கிளிப்பின் மூடிக்குள்ளேயே இருக்கிறது. இந்த முறையைக் கொண்டுவந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. வாங்கிப் பிடித்தார். குழுவினர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். பன்னிரண்டாவது நிமிஷம் அவர் கையை மாற்றப் பார்த்தார்.

"சார், நிழல்!" என்று ஒரு அதட்டல் போட்டாள். அவர் அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இருபது நிமிஷம் முடிந்ததும் அவள் அளக்க, புகைப்படக்காரர் படமெடுத்தார். எண்பத்திரண்டு. எண்பத்துமூன்று. எண்பத்தொன்று. பத்து இலையும் எண்பதுக்கு மேல். தலைவி பேனாவை மூடினார். "நாப்பதும் இருக்கட்டும். இனிமே கணக்கை நீங்களே எனக்கு நேரா அனுப்புங்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார்.

புகைப்படக்காரரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் முகம், கருவி, இலை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. பக்கத்தில் குடையோடு இயக்குநரும் முழுசாக நின்றார். சாப்பாட்டு மேசையில் படத்தைப் பரப்பி, கத்தரிக்கோலை எடுத்து, அளவு பார்த்து, அவரை மணிக்கட்டோடு வெட்டினாள். மிச்சத்தைக் கண்ணாடி போட்டு, மறுநாள் காலையில் வரவேற்பறையில் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினாள். கழற்றச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கண்ணாடி போடுவதற்கு முன் அக்கா அதைத் தூக்கிப் பார்த்திருந்தாள். "குடை பிடிச்சிருக்கறது யாருடி?"

"யாரோ" என்றாள். "உதவிக்கு நின்ன ஆள்."