சர்க்கார் சாக்கும் கடியப்பட்டணத்துப் பூனையும்

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலை என்பது வாய் பேசாத நோயாளியையும் வாய் ஓயாத சொந்தக்காரரையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்கிற வேலை. இதே வேலை பார்த்துக் கையில் பல்லுத் தழும்பும் முதுகில் கொம்புத் தழும்பும் வாங்கிய என் சகோதரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆறுதலாக வேண்டுமானால் இருக்கும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகியிருந்த சமயம். கல்குளம் தாலுகாவில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் எனக்கு உத்தியோகம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது அங்கே இருப்பவர் நல்ல மனிதர். ஒரு மாசிக் கடைசியில் பூனைகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தீனி எடுக்காது. மஞ்சளாக நுரை கக்கும். தண்ணீர்ச் சட்டிக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், ஒரு சொட்டுக் குடிக்காது. மூன்றாம் நாள் விறைத்துக் கிடக்கும். எங்களிடம் மருந்து இல்லை, பேச்சு நிறைய இருந்தது. நான் பேசியதைக் கேட்டு அப்படியே நடந்தவள் ஒரே ஒருத்தி. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டியிருக்கிறது.

எலி பிடிக்கிற ஆடு

எங்கள் ரிஜிஸ்டரில் மாடு, எருமை, ஆடு, கோழி, குதிரை, யானை என்று பத்தி பத்தியாக அச்சடித்திருந்தார்கள். நான் இருந்த காலத்தில் ஒரு யானைகூட அந்த வாசலில் வந்து நின்றதில்லை. ஆனாலும் யானைக்குப் பத்தி உண்டு, பூனைக்குக் கிடையாது. வந்த நோயாளியை எழுதாவிட்டால் நான் சும்மா உட்கார்ந்திருந்ததாக ஆகிவிடும். அதனால் பூனைகளையெல்லாம் ஆட்டுப் பத்தியில் ஏற்றினேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்பதால் பக்கத்தில் ‘சிறியது, எலி பிடிப்பது’ என்று குறிப்பும் போட்டேன்.

மாதக் கடைசியில் அறிக்கை திருவனந்தபுரம் போனது. ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாவதாக அங்கே பதறிப்போய், ஒரு பெட்டி நிறைய ஆட்டு மருந்தும் விளக்கம் கேட்டு ஒரு கடுதாசியும் அனுப்பினார்கள். எங்கள் டாக்டர் கொல்லத்துக்காரர், பரம சாது. கடுதாசியை இரண்டு தரம் படித்தார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து என் குறிப்பின்மேல் விரலை வைத்துக் கேட்டார்: “கம்பவுண்டரே, எலி பிடிக்குந்ந ஆடு ஏது ஊரிலாணு?”

சண்டை போட ஆள் வேண்டும்

ஊர்ச் சர்ச்சின் டீக்கனார் யேசுவடியான் செத்த பூனையை வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தார். அடுத்த வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்பது அவர் கட்சி. விஷம்தான் என்று எழுதி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். வேலித் தகராறு ஒன்று ரொம்ப நாளாகக் கிடக்கிறதாம், இந்தப் பூனையோடு அதையும் முடித்துவிடலாமாம்.

இது விஷம் இல்லை, ஒட்டுகிற காய்ச்சல், ஆழமாகக் குழி தோண்டிப் பிளீச்சிங் பவுடர் தூவிப் புதையும் என்றேன். அதற்குள் அவர் அந்தப் பூனையை ஒரு பகல் முழுக்க வேலிமேல் சாட்சிக்காகப் போட்டுவைத்திருந்திருக்கிறார். அடுத்த வாரமே அடுத்த வீட்டுக்காரர் தம் பூனையை இலையில் பொதிந்துகொண்டு அதே சீட்டுக் கேட்டு வந்து நின்றார். நான் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு பூனைக்கும் ஒரே காய்ச்சல்தான் என்று முதலிலிருந்து விளக்கினேன். டீக்கனாருக்கு வருத்தம் தாங்கவில்லை. “விஷமுன்னா சண்ட பிடிக்க இவரு இருக்காரு. காய்ச்சலுன்னா நான் யாருக்க நடையில போய் நிக்கது, ஓய்?”

எலிக்கும் ஒரு வாக்கு

அமெரிக்காவில் இந்தக் காய்ச்சல் வராமல் தடுக்க ஊசி இருப்பதாக டாக்டர் புத்தகத்தில் படித்துச் சொன்னார். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது பினாயிலும் பேதி உப்பும்தான். எனவே டாக்டர் வாயால் சொன்னதை நான் வீடு வீடாகக் கொண்டுபோனேன். சீக்குப் பூனையைத் தனியே கட்டு. அது படுத்த சாக்கை எரி. தின்ற சட்டியை உடை. தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவு. ஒரு பூனையைத் தொட்ட கையோடும் மிதித்த காலோடும் இன்னொரு பூனையிடம் போகாதே. செத்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் புதுக்குட்டி கொண்டுவராதே, நோய் அந்த மண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கே என் குரல் நன்றாக இருந்தது.

நெல் வியாபாரி ராமையாவிடம் மூன்று தரம் சொன்னேன். கிட்டங்கி நிறைய நெல்லை வைத்துக்கொண்டு பூனை இல்லாமல் எப்படி இருப்பது என்று அவர் ஒவ்வொரு குட்டியாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் புதைத்தார். நாலாவது குட்டியை அவர் மடியில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்து கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் நிதானமாகக் குட்டியின் தலையைத் தடவினார். “ஒரு வருசம் பூச்ச இல்லாம இருக்கணும்னு சொல்லுதீரு. செரி, அந்தச் சேதிய எலிட்டயும் ஒரு வாக்கு சொல்லிட்டுப் போவும்.”

சர்க்கார் வக

மாட்டைக் கயிற்றில் கொண்டுவரலாம், பூனையை எதில் கொண்டுவருவது? பனையோலைக் கடகத்தில் கொண்டுவந்தால் பாதி வழியில் குதித்துவிடும். கையில் கொண்டுவந்தவர்கள் கிழிந்த கையோடு வந்து, முதலில் தங்களுக்கு மருந்து போடச் சொன்னார்கள். இந்தக் கஷ்டத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நல்ல கனமான சணல் சாக்கு ஒன்று, வாயில் இழுப்புக் கயிறு. தார் தொட்டு ‘சர்க்கார் வக’, அதாவது சர்க்கார் சொத்து, என்று பெரிய எழுத்தில் எழுதி ஆஸ்பத்திரி முளையில் தொங்கவிட்டேன். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன். டீக்கனாரின் அடுத்த பூனை அதில்தான் வந்தது. ராமையாவின் குட்டிகள் அதில்தான் வந்தன. வழி தெரிந்து திரும்பிப் போய்விடாமல் இருக்கக் குட்டிகளைச் சாக்கில் கொண்டுபோவது வழக்கமாயிற்றே, புதுக்குட்டி வாங்குகிறவர்களும் அதைத்தான் இரவல் வாங்கினார்கள். சர்க்கார் சாமான் ஜனங்களுக்கு இவ்வளவு உபயோகப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பியூன் தாணு ஒருநாள் அந்தச் சாக்கை மோந்து பார்த்தார். ஊரார் சாக்கையெல்லாம் எரிக்கச் சொல்கிறோமே, இதை என்ன செய்வது என்றார். வெயிலில் உதறிப் போட்டால் போதும், சர்க்கார் பொருளை நம் இஷ்டத்துக்கு எரிக்க முடியுமா, மேலே எழுதிக் கேட்போம் என்றேன். கேட்டோமா என்று நீங்கள் கேட்கக் கூடாது. தாணு அதைத் திரும்ப முளையில் மாட்டினார். “செரிதான் சாரே. சாக்க எரிக்கத்தான் உத்தரவு வேணும், பூச்ச சாவதுக்கு வேண்டாம்லா.”

சொன்னதைக் கேட்டவள்

எல்லோரும் சீக்குப் பூனையோடு வந்தபோது திரேசம்மாள் பூனை இல்லாமல் வந்தாள். கடியப்பட்டணத்தில் கட்டுமரக்காரர் வீட்டு விதவை. அவளும் மருமகளும் ஒரு வருஷமாக உட்கார்ந்து நெத்திலி வலை ஒன்று பின்னியிருந்தார்கள். பருத்தி நூல், பொடிக் கண்ணி. இரண்டு மகன்களும் அதுவரை பிறத்தியார் வலைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆடியில் சொந்த வலையோடு கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே நினைப்பு. மீன் வாடைக்கு எலி வந்து ஒரு மூலையைக் கடித்தாலும் போச்சு. அதைக் காத்துக்கொண்டிருந்தது கறுப்பி என்ற பூனை. பக்கத்து ஊர்களில் பூனை சாகிறதென்று கேள்விப்பட்டு, வருமுன்னே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள். வருமுன்னே கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சொன்ன ஒவ்வொன்றையும் செய்தாள். கறுப்பியை வலை வைத்திருந்த புரைக்குள்ளேயே வைத்து ஓலைத் தட்டி அடைத்தாள். பூனை வளர்க்கிற வீட்டு மீன்காரிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மகன்களைக்கூடக் கால் கழுவாமல் உள்ளே விடவில்லை. சித்திரை கழிந்தது. கறுப்பி கொழுகொழுவென்று இருந்தாள். அப்போதுதான் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய டாக்டர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. என் பேச்சால் பிழைத்த பூனையை அவருக்குக் காட்டாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரேசம்மாளுக்கு மனசே இல்லை. சர்க்கார் காரியம் என்று சொல்லி நானே கறுப்பியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தேன். பெரிய டாக்டர் ஒரு இளநீர் குடிக்கிற நேரம் அவளைப் பார்த்தார், நல்ல பூனை என்றார், போய்விட்டார். அன்று சாயங்காலமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் ஆள் வந்தது. நான் போனபோது கறுப்பி தண்ணீர்ச் சட்டிக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். வேறு பூனை வந்ததா? இல்லை. குட்டி ஏதாவது? இல்லை. இரவல் சட்டி, பழைய சாக்கு? இல்லை. கேட்டுக்கொண்டே வந்தவன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று என் கையிலேயே பிடித்திருந்ததைக் குனிந்து பார்த்தேன். தார் எழுத்து நன்றாகத் தெரிந்தது. திரேசம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “பூச்ச வந்தா தடுத்தேன், மீன்காரி வந்தா தடுத்தேன், பெத்த மக்களத் தடுத்தேன். உங்களத் தடுக்கணும்னு மட்டும் நீங்க சொல்லல்லியே சாரே.”

கறுப்பி இரண்டாம் நாள் செத்தாள். அந்தக் குழிக்கு நான்தான் மண் தள்ளினேன், வெட்கத்தில் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சாக்கை உத்தரவு கேட்காமல் அங்கேயே கடற்கரையில் எரித்தேன். சாக்கு எங்கே என்று பிறகு விளக்கம் கேட்டு வந்த கடுதாசிக்கு, எலி தின்றுவிட்டது என்று பதில் எழுதினேன். நல்ல குட்டியாக ஒன்று கொண்டுவருகிறேன் என்று திரேசம்மாளிடம் வாயெடுத்தேன். ஒரு வருஷம் ஆகாது என்று நான்தானே சொன்னேன் என்று மறுத்துவிட்டாள், அப்போதும் அவள்தான் சொன்னதைக் கேட்டவள். அவளும் மருமகளும் முறை வைத்து வலைக்குக் காவல் இருந்தார்கள். சனிக்கிழமை முறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆடி பிறந்து ஒரு கண்ணி அறாமல் அந்த வலை கடலுக்குப் போகிறவரை சனிக்கிழமைதோறும் நான் கம்பும் கையுமாக அதன் காலடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள், எலி பிடிக்கிற ஆடு எந்த ஊரில் இருந்தது என்பதை எங்கள் டாக்டருக்குத் தெரிவிக்கலாம்.