பெருக்குகிறவர்கள் போட்ட டெண்டர்

அவளை எல்லோரும் சத்தக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்காக அவள் ஒருநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. தெருவின் இந்த முனையில் நின்றுகொண்டு, "லாரி வந்தாச்சு, குப்பையைக் கொண்டாங்க!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், அந்த முனையில் மூன்றாவது மாடியில் குளித்துக்கொண்டிருப்பவர்கூட அவசரமாகத் துண்டைத் தேடுவார். அப்படியொரு தொண்டை. அவள் கணவர் தையல்காரர், ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதியானவர். "எங்க வீட்டுல பேசுற வேலையை மொத்தமா அவகிட்ட கான்ட்ராக்ட் விட்டுட்டேன்" என்பார், கடைக்கு வருகிறவர்களிடம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தெருப் பெருக்குகிறவர்கள் நகரசபையின் சொந்த ஆட்கள். பிறகு நகரசபை உறுப்பினர்கள் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கி, பெருக்குவது, குப்பை அள்ளுவது, அதற்கு வேண்டிய லாரிகளை வாடகைக்குப் பிடிப்பது எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டார்கள். மறுநாளும் அதே தெரு, அதே துடைப்பம், அதே சந்தைக் குப்பை. முதலாளி மட்டும் மாறியிருந்தார். ஊரின் மூன்று பகுதிகளும் ஒரே ஒப்பந்தக்காரர் கையில் போயின. வருடாவருடம் டெண்டர் நடந்தது, வருடாவருடம் அவரே ஜெயித்தார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாருக்கும் நேரமும் இல்லை.

அவளோடு சந்தைப் பக்கம் பெருக்குகிறவள் ஒருத்தி இருந்தாள். பனைமரம் மாதிரி உயரம், அதனால் நெட்டை. ஒருநாள் காலையில் மருத்துவமனைச் சந்தில் தொட்டியைக் கவிழ்க்கும்போது உடைந்த கண்ணாடிப் புட்டி ஒன்று அவள் கையைக் கிழித்துவிட்டது. கையுறை இல்லை. ஒப்பந்தத்தில் கையுறை உண்டு, காலணி உண்டு. கைக்கும் காலுக்கும்தான் எதுவும் வந்து சேரவில்லை. நெட்டை துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தாள். காயம் சீழ் பிடித்தது. கடைசியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

சத்தக்காரி ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் வருத்தமாத்தாம்மா இருக்கு. ஆனா நான் ஆளுங்களை நகரசபைக்குக் கொடுக்கறவன். வேலை வாங்கறது அவங்க. அங்கே போய்க் கேளு."

நகரசபைக்குப் போனாள். சுகாதார அதிகாரி மேஜைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கவே சற்று நேரம் ஆனது.

"அந்தப் பொண்ணு எங்க ஆளே இல்லையேம்மா. ஒப்பந்தக்காரர் ஆளு. அவர்கிட்டதான் கேக்கணும்."

இரண்டு வாசலுக்கும் நடையாய் நடந்தாள். இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். ஒருநாள் அதிகாரியின் அறையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், தெரு உங்களுது. குப்பை ஊரோடது. லாரி அவரோடது. அப்போ நாங்க யாரோட ஆளு? வானத்துலேர்ந்து விழுந்து பெருக்கிட்டுப் போறோமா?"

அந்தக் குரலுக்கு வெளி வராந்தாவில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. கூட்டத்தைச் சிரிக்க வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"இவ்வளவு பேசறியே, பேசாம நீங்களே டெண்டர் போட்டு எடுத்து நடத்துங்களேன். யார் வேணாங்கறா?"

எதிர்பார்த்தபடியே இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தக்காரி சிரிக்கவில்லை.

"நிஜமாவா சார் சொல்றீங்க? நாங்க போடலாமா?"

"சட்டத்துல தடை இல்ல" என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

"அப்போ சரி. போடறோம்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். "அவர் கிண்டலுக்குச் சொல்லியிருக்கார்" என்றார் மெதுவாக.

"தெரியும்ங்க. கிண்டலா சொன்னா என்ன, சொன்னார் இல்ல? பத்துப் பேருக்கு முன்னாடி சொன்னார்."

பெருக்குகிற பெண்களுக்கு ஏற்கெனவே ஒரு சேமிப்புச் சங்கம் இருந்தது, முறையாகப் பதிவு செய்தது; சத்தக்காரிதான் அதன் தலைவி. சந்தைப் பகுதிக்கு மட்டும் டெண்டர் போடுவது, முன்பணத்தை அதிலிருந்து கட்டுவது என்று முடிவாயிற்று. சிலர் தயங்கினார்கள். "இருக்கற வேலையும் போயிடும்டி" என்றாள் ஒருத்தி. கையில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த நெட்டைதான் பதில் சொன்னாள்: "எனக்கு விரலே போயிடுச்சு. உனக்கு வேலைதானே போகும்? வா." அதற்கப்புறம் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மீதி இருந்த முட்டுக்கட்டை லாரிதான். ஒரு பகுதிக்கு ஒரு லாரி காட்ட வேண்டும், சொந்தமாகவோ, வாடகைக்கோ. சத்தக்காரியின் தம்பியிடம் ஒரு லாரி இருந்தது. ஆனால் அது ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் மூன்று லாரிகளில் ஒன்றாக அதைக் கணக்குக் காட்டி, கதவில் தன் பெயரையே பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

தம்பி சாது. சின்ன வயதில் தெருச்சண்டை வந்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்பான். இப்போதும் லாரியின் நிழலில் நின்றபடி தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"அக்கா, கோவிச்சுக்காத. அவரைப் பகைச்சுக்கிட்டு இந்த ஊர்ல லாரி ஓட்ட முடியாது. எனக்கும் குடும்பம் இருக்கு."

"லாரி யாருதுடா?"

"என்னுதுதான்."

"கதவுல யார் பேரு?"

அவன் குனிந்து டயரில் காற்றுப் பார்க்கப் போனான். அவளும் வற்புறுத்தவில்லை. வரும் வழியெல்லாம் வேறு யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்தபடியே வந்தாள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அன்று வீட்டில் அவள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தாள். தையல்காரருக்குப் பயமாகிவிட்டது. "என்னையாவது ஏதாவது திட்டேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தையல் கடை வாசலில் லாரி வந்து நின்றது. தம்பி இறங்கினான். சட்டை முழுக்க நீலத்தூள், கைவிரல்கள் தேய்ந்து சிவந்திருந்தன. கதவில் பெயர் இருந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் இரும்பு பளபளத்தது.

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்த் தாள்களை எடுத்து நீட்டினாள்.

டெண்டர் பெட்டி மூடுகிற நாள் வந்தது. அன்று நகரசபை வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் செருப்புமாக நின்றார்கள். கையில் டெண்டர் உறையோடு வருகிறவர்களை ஓரமாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, அன்பாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அன்பு எடுபடாதவர்களுக்கு வேறு மாதிரிப் பேசினார்கள். வருடாவருடம் ஒருவரே ஜெயித்த மர்மம் இதுதான்.

முந்தைய நாளே இது பெண்கள் காதில் விழுந்திருந்தது. "உறையைக் குப்பைக்கூடைக்கு அடியில மறைச்சு எடுத்துட்டுப் போயிடலாம். நம்மளை யாரு பார்க்கப் போறா?" என்று ஒருத்தி யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். சத்தக்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"திருட்டுத்தனமா போடறதுக்கு நாம என்ன திருடியா வெச்சிருக்கோம்? கையில பிடிச்சுக்கிட்டு, முன் வாசல் வழியாத்தான் போவேன்."

அப்படியே போனாள். உறையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். வாசலில் ஒருவன் குறுக்கே வந்தான்.

"எங்கம்மா? இன்னைக்கு ஆபீஸ் லீவு."

"அப்போ நீங்க எதுக்குப்பா வேலை செஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

இன்னொருவன் உறையைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். மூச்சை இழுத்தாள். அவள் வாழ்நாளில் கொடுத்த குரல்களிலேயே பெரிய குரல் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

"பெருக்குங்கடி!"

தெருவின் இரண்டு முனைகளிலும் சீருடையும் நீளத் துடைப்பமுமாக நின்ற பெண்கள் வாசலை நோக்கிப் பெருக்க ஆரம்பித்தார்கள். மழை கண்டு பல மாதமான தெரு. தண்ணீர் தெளிக்கவில்லை. புழுதி முதலில் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது, பிறகு தலைக்கு மேல். வெள்ளைச் சட்டைகள் காவியாயின. ஒருவன் இருமினான், ஒருவன் கண்ணைக் கசக்கினான், ஒருவன் "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினான்.

"எங்க வேலையை நாங்க பார்க்கறோம் தம்பி, கொஞ்சம் காலைத் தூக்கு" என்று நெட்டை அவன் பளபளப்பான செருப்பின் மேலேயே துடைப்பத்தைப் போட்டாள். எதிர்க் கடைகளில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அடிதடிக்கு அஞ்சாத ஆட்கள் அந்தச் சிரிப்புக்கு அஞ்சினார்கள். சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

சத்தக்காரி புழுதிக்குள்ளிருந்து வெளியே வந்து படியேறினாள். உள்ளே பெட்டியருகில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவளையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு மேல யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னாங்களே..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உறையைப் போட்டுவிட்டு அவள் பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "திறக்கறவரைக்கும் இங்கேதான் இருப்பேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்."

மாலையில் கூட்ட அறையில் பெட்டியைத் திறந்தார்கள். நகரசபைத் தலைவி நடுவில், பக்கத்தில் சுகாதார அதிகாரி. எதிர்வரிசையில் ஒப்பந்தக்காரர். பெண்கள் தலையில் புழுதியோடு அப்படியே வந்து சுவரோரமாக நின்றார்கள். தம்பி எல்லோருக்கும் பின்னால், கதவை ஒட்டி.

அதிகாரி சங்கத்தின் உறையைப் பிரித்துப் பார்த்தார். "வாடகை லாரிதானே காட்டியிருக்கீங்க? ஆனா இது ஏற்கெனவே இன்னொருத்தர் காட்டின லாரியாச்சே. ஒப்பந்தக்காரரோட விண்ணப்பத்திலயும் இதே எண் இருக்கே."

"அது எங்க லாரி சார்" என்றார் ஒப்பந்தக்காரர், பதற்றமே இல்லாமல். "இவங்க எங்கேயோ எண்ணைப் பார்த்து எழுதியிருக்காங்க. தள்ளுபடி பண்ணுங்க."

சத்தக்காரி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. நடுங்கவும் செய்தது.

"அது என் லாரி."

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி கதவை விட்டு முன்னால் வந்தான். அக்காவைத் தாண்டி வந்து நின்றான்.

"என் பேர்லதான் பதிவு ஆகியிருக்கு. இவர்கிட்ட வாடகைக்கு விட்டிருந்தேன். இனிமே இல்ல. என் அக்கா சங்கத்துக்குத்தான் கொடுத்திருக்கேன். கீழேதான் நிக்குது, வந்து பாருங்க."

ஒப்பந்தக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் சாதாரணமாக அவன் உருகியே போயிருப்பான். அன்று உருகவில்லை. தலைவி எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "அவர்கிட்ட ரெண்டு லாரிதான் இருக்குன்னா எப்படி மூணு பகுதியையும் கொடுக்க முடியும்?" என்று கேட்டாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

சந்தைப் பகுதி பெண்களின் சங்கத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் ஒப்பந்தக்காரரிடமே இருந்தன. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. சத்தக்காரி அப்படிச் சொல்லவும் இல்லை.

படியிறங்கும்போது ஒப்பந்தக்காரர் அவளை மறித்தார். "ஒரு வருஷம் நடத்திக் காட்டு பார்க்கலாம்."

"இத்தனை வருஷமா நடத்தினது நாங்கதானே. நீங்க எந்தத் தெருவைப் பெருக்கினீங்க?"

நடத்துவது லேசாக இருக்கவில்லை. தம்பியின் லாரி சந்தை நடுவில் படுத்துக்கொண்ட நாளில் குப்பை மலையாகக் குவிந்தது. வியாபாரிகள் கண்டபடி ஏசினார்கள். அதிகாரி விளக்கம் கேட்டு ஆள் அனுப்பினார். பெண்கள் தள்ளுவண்டிகளிலேயே எல்லாவற்றையும் தள்ளி முடித்தார்கள். சத்தக்காரிக்கு அன்று குரலே கட்டிவிட்டது. "ஒப்பந்தம் ரத்தா?" என்று தையல்காரர் பதறியபோது, கையால் வாயைக் காட்டி, கையாலேயே "நாளைக்குப் பேசிக்கறேன்" என்றாள்.

நெட்டையால் முன்போல் துடைப்பம் பிடிக்க முடியவில்லை. டெண்டர் நாள் வீராப்புக்குப் பிறகு பல நாள் கை வலித்தது. சங்கம் அவளைக் கையுறைக்கும் காலணிக்கும் பொறுப்பாகப் போட்டது. அவள் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை. கையுறையை வீட்டில் மறந்துவிட்டு வந்த சத்தக்காரியையே ஒருநாள், "போய் எடுத்துட்டு வாடி" என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினாள். சங்கத் தலைவி முணுமுணுத்துக்கொண்டே போனாள், போய் எடுத்துக்கொண்டும் வந்தாள்.

அந்த வருடம் முடிகிற சமயத்தில் மற்ற இரண்டு பகுதிகளில் பெருக்குகிற பெண்கள் சிலர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்களையும் உங்க சங்கத்துல சேர்த்துக்குவீங்களாக்கா?" என்று கேட்டார்கள்.

"சேர்த்துக்கறதுக்கு நான் யாரு, இன்னொரு ஒப்பந்தக்காரியா?" என்றாள் சத்தக்காரி. "உங்க பகுதிக்கு நீங்களே சங்கம் வெச்சு, நீங்களே போடுங்க. வாசல்ல எவனாவது நின்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க. முதல்ல உள்ளே வந்து உட்காருங்க. அப்புறம், மெதுவா பேசாதீங்க. இங்க யாருக்குப் பயப்படணும்?"

உள்ளேயிருந்து தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். புதுச் சீருடை எத்தனை தைக்க வேண்டியிருக்கும் என்று அவர் அதற்குள் தலைகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.