வாசலுக்கு ஒரு வாட்டம்

கொத்து வேலையில் சுவர் கோணினால் மன்னிப்பார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மன்னிக்க மாட்டார்கள். வீடு கட்டி நொந்தவர்களும் கட்டிக் கொடுத்து நொந்தவர்களுமாகிய உங்களுக்கு இது தெரியாததல்ல. ஐம்பதைத் தாண்டியும், செய்த வேலையெல்லாம் சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதிகம் யோசித்தது புதுச்சத்திரம் பழனியப்பர் வீட்டு வாசலைப் பற்றி.

மஞ்சளுக்கு இடம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மாட்டு வண்டி மேலே ஏறியதில் இரண்டு காலும் செயலற்றுப் போன பழனியப்பர், தச்சர் செய்து கொடுத்த நான்கு சக்கரப் பலகையில் உட்கார்ந்து, கையால் தரையை உந்தி வீட்டுக்குள் நகர்வார். வாசற்படி வந்தால் நின்றுவிடுவார். அதற்கப்பால் இரண்டு பேர் தூக்க வேண்டும். ஐப்பசியில் மகள் கல்யாணம். முகூர்த்தக்கால் நட அவரே வெளியே போக வேண்டும், சம்பந்தி முன்னால் யாரும் தூக்கக் கூடாது. இதுதான் வேலை. வாசலை மேடாக்கி, வீட்டுத் தரையோடு ஒரே மட்டமாக்க வேண்டும்.

படிக்கல்லுக்குக் கடப்பாரை போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. அவர் மனைவி செல்லம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ஏனுங்க மேஸ்திரி, படியே இல்லீன்னா மஞ்சளை எங்கீங்க பூசறது? ஊடு எங்க ஆரம்பிக்குதுன்னு மகாலச்சுமிக்கு எப்படித் தெரியும்?"

குமிழி நடுவில் நின்றது

அரை நாள் யோசித்து, படிக்கல்லைத் தரையோடு தரையாகப் புதைத்தேன். மேல்முகம் மட்டும் தெரிந்தது. மஞ்சளுக்கு அது போதும் என்று செல்லம்மாள் சம்மதித்தார். வாசலில் மண் நிரப்பி, பலகைக்கல் பரப்பி, சுண்ணாம்புக் காரையால் சந்துகளை அடைத்தேன். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. என் வாழ்க்கையில் அப்படி எதுவும் நேராக நின்றதில்லை.

கூட வேலை செய்த சித்தாள் ராமாயி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் தெற்கே போனது, நின்றது, பிறகு மெதுவாக வீட்டுக்குள் போனது. தண்ணீர் ஓடத் தரையைச் சாய்க்கிற வாட்டத்தை அடியோடு மறந்திருந்தேன். ராமாயி குடத்தை இடுப்பில் வைத்தபடி சொன்னாள்: "உங்களாட்டமே இருக்குதுங்க மேஸ்திரி. எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கும் தெரியலீங்க."

வண்டிப் பட்டை

கல்லையெல்லாம் பெயர்த்து, வீட்டைவிட்டு விலகிச் சரியும்படி மறுபடி பதித்தேன். சாரல் அடித்தால் அதுவும் போதாது. வாசல் நிலையை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, தென்னை மரத்தடிக்குத் திருப்பினேன். அதன்மேல் சக்கரம் போக இரும்புச் சட்டம் வேண்டும். யுத்த காலத்தில் இரும்புக்கு எங்கே போவது? பழனியப்பர் கொட்டகையைக் காட்டினார். உள்ளே அவர் காலில் ஏறிய அதே வண்டி. அதன் சக்கரப் பட்டையைக் கொல்லர் கழற்றி நிமிர்த்தி நறுக்கித் தந்தார்.

சட்டங்களை வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்தேன். சந்துகளோ பலகை போகிற திசையிலேயே அமைந்துவிட்டன. வெள்ளோட்டம் பார்த்தபோது முன்சக்கரங்கள் சந்தில் இறங்கி மாட்டிக்கொண்டன. பழனியப்பர் பாதி வீட்டிலும் பாதி வாசலிலுமாக உட்கார்ந்திருந்தார். நான் தலையில் கை வைத்தேன். அவர் குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "இந்த வண்டிக்கு எம்மேல இன்னும் கோவம் தீரலையாட்ட இருக்குதுங்க மேஸ்திரி."

முகூர்த்தக்கால்

சட்டங்களை வாய்க்காலின் நீளவாக்கில் திருப்பிப் போட்டேன். முகூர்த்தக்கால் நடுகிற காலையில் நல்ல மழை. கூரைத் தண்ணீர் நிலைவரை வந்து, வாய்க்காலில் இறங்கிக் காணாமல் போனது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, பழனியப்பர் கையை ஊன்றி உந்தினார். பலகை இரும்பின்மேல் கடகடவென்று ஏறி வெளியே வந்தது.

வந்தது நிற்கவில்லை. பட்ட அவமானத்தில் நான் இரண்டு மடங்கு வாட்டம் கொடுத்திருந்தேன்; போதாததற்கு ஈரம். பலகை கால் நடுகிற குழியைத் தாண்டி, மேளக்காரரை விலக்கி, சம்பந்தியை ஒரு பாதிச் சுற்றுச் சுற்றி, வைக்கோல் போரில் முட்டி நின்றது. சம்பந்தி தூக்கப் பதறி ஓடினார். வைக்கோலுக்குள்ளிருந்து சிரிப்புதான் முதலில் வந்தது. "தொடாதீங்க சம்பந்தி. நானாத்தான் வந்தேன், நானே போறேன்."

தலையெல்லாம் வைக்கோலோடு மேட்டில் கையால் உந்தி உந்தி ஏறி, குழியருகே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு காலை நட்டார். வேட்டி நனைந்திருந்தது, முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை அவர்தான் என்று தோன்றும். நான் தூணுக்குப் பின்னால் நின்று, எத்தனை விரற்கடை குறைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ராமாயி என்னைத் தேடி வந்தாள். "மூஞ்சியில இருந்த வாட்டத்தையெல்லாம் வாசல்ல கொட்டிட்டீங்கன்னு பாத்தேன், மேஸ்திரி. இன்னும் மிச்சம் வெச்சிருக்கறீங்களே?"

தரைக்கு எவ்வளவு வாட்டம் வேண்டுமென்று அன்றோடு கற்றுக்கொண்டேன். முகத்துக்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.