பேட்டரிக்கு மட்டும் கணக்கு வரவில்லை

என் கணவருக்கு ஆக்சிஜன் மெஷின் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கரண்ட் பில் ஒரு பேச்சானது. அவர் மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டியவர். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இதைத் திருப்ப முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினை வீட்டுக்கு வாங்கச் சொன்னார்கள். கட்டிலோரம் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் போல நிற்கும். இரவும் பகலும் ஓட வேண்டும். முதல் பில் வந்தபோது பக்கத்து வீட்டுக் கணக்கை எங்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மற்றவர்களுக்குத் தொகையைச் சொல்லிப் பழகிய எனக்கு, அந்தத் தொகையை வாய்விட்டு அவரிடம் சொல்ல முடியவில்லை.

அந்த ஆண்டு கார்த்திகைப் புயல் எங்கள் பக்கமே கரையேறியது. கரண்ட் போனது. மாற்றுக்கு வைத்திருந்த சிலிண்டர் தீர்ந்தது. ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. தெருக்காரர் ஒருவரின் மீன் வேனில் அவரைப் படுக்க வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் வேனை நிறுத்தி, இறங்கி, கிளைகளை வெட்டி நகர்த்தினார்கள். அவருடைய உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த வேனின் தரையில் உட்கார்ந்திருந்தபோது, இனி ஒரு மழைக்காலத்தை இப்படிப் பார்க்க மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் கழித்து, சோலார் போடுகிற ஒருவரை வரச் சொன்னேன். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். மாடிக்குப் போய் அளந்து பார்த்துவிட்டு வந்து கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பேனல் மட்டும் போட்டா, மானியம் போக அஞ்சு வருஷத்துல போட்ட காசு வந்துரும்ணே. உங்களுது மெஷின் ஓடுற வீடு. பகல்ல வர்ற கரண்ட்ட அதுவே தின்னுடும். அதனாலதான் சீக்கிரம் வருது. மத்த வீட்டுக்கு இவ்ளோ சீக்கிரம் வராது.”

“கரண்ட் போயிட்டா?” என்று கேட்டேன்.

“பேனலும் நின்னுடும்மா.”

“வெயில் அடிச்சிக்கினுதானே இருக்கும்?”

“அடிக்கும். ஆனா நம்ம வீட்டுக் கரண்ட் லைன்ல ஏறிச்சுன்னா, போஸ்ட் மேல வேலை செய்றவன் செத்துருவான். அதான் தானா நின்னுக்கற மாதிரி வெச்சிருக்காங்க. கரண்ட் இல்லாதப்பவும் ஓடணும்னா பேட்டரி வேணும். அதுக்கு ஏத்த இன்வெர்ட்டர் வேணும். செலவு ஏறக்குறைய டபுள் ஆயிடும்.”

இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார். “பேட்டரி காசு எப்போ திரும்பும் பாய்?”

பாய் அளவு டேப்பைக் கீழே வைத்தார். “உண்மைய சொல்றேண்ணே. அது திரும்பாது. பேட்டரி பத்து வருஷம் உழைக்கும். அதுக்குள்ள அதோட காசை அது எடுக்காது.”

“பத்து வருஷமா?” அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. “டாக்டர் எனக்கு அவ்ளோ குடுக்கலியே.”

பாய் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று எழுந்து போனார்.

அன்று தொடங்கி வாரக்கணக்கில் எங்களுக்குள் அதே பேச்சு. பேனல் போடலாம் என்பதில் அவருக்கு மறுப்பில்லை. பேட்டரிதான் கூடாது என்றார். என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம். திண்டிவனத்தில் படிக்கும் மகளுக்கென்று வைத்திருந்தது.

“பேனலு உனக்கும் பொண்ணுக்கும். நான் போனாலும் மாடியில இருக்கும், பில்லு குறையும். பேட்டரி எனக்கு மட்டும். எனக்குப் போட்டா அது வீண்தான?” என்றார். கோபமில்லாமல், லாரிக்கு டயர் மாற்றுவதா வேண்டாமா என்று பேசும் குரலில் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு காரணமும் சொன்னார். “உப்பளத்துல எத்தினி வருஷம் பார்த்திருக்கேன். மழ வந்தா மாசக்கணக்குல ஒண்ணும் நடக்காது. கரண்ட் போற நாள்ல வெயிலும் இருக்காதும்மா. அந்த பேட்டரிய எது ரொப்பும்?”

பாயிடம் ஃபோனில் கேட்டேன். மேகமூட்டத்தில் கொஞ்சம்தான் ஏறும், நிறைந்த பேட்டரி மெஷினை மட்டும் ஓட்டினால் ஒரு பகலைத் தாண்டும், அதற்குமேல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஆக, காசும் திரும்பாது, முழு நம்பிக்கையும் கிடையாது. கணக்கு முழுவதும் அவர் பக்கம் இருந்தது. ஒரு நாள் காலையில் சாப்பாடு கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

“ஏங்க, அந்த வேன்ல நீங்க படுத்திருந்தீங்க. நான் உட்கார்ந்து பார்த்துக்கினு இருந்தேன். உங்களுக்காகப் போடல. எனக்காகப் போடுறேன்.”

அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, “சரி, போட்டுக்கோ” என்றார்.

பேனல்கள் மாடி ஏறின; பேட்டரி கூடத்தில் வந்து உட்கார்ந்தது. கடல்காற்றுக்குத் துருப்பிடிக்காத போல்ட்டுகளைப் பாய் தேடி வாங்கிவந்தார். கண்ணாடியில் உப்பு படியும், அடிக்கடி கழுவுங்கள், போர் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீர் ஊற்றுங்கள் என்றார். பில் பாதிக்குமேல் குறைந்தது. பில் வரும்போதெல்லாம் என் கணவர் அதை வாங்கிப் பார்த்து, தலையணைக்கு அருகே வைத்துக்கொள்வார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. நான் ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று இன்வெர்ட்டரில் காட்டும் நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

மதியம் எதிர்வீட்டுப் பெண் நனைந்துகொண்டே வந்து நின்றாள். “அக்கா, ஃபோன் செத்துப்போச்சு. அவரு படகுல போயிருக்காரு. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?”

நான் அந்த நம்பரைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து என் கணவர் சொன்னார்: “போட்டுக்கோம்மா. ஃபோன் இன்னா தின்னுடப் போவுது.”

சாயங்காலத்துக்குள் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அவர் படுத்த பிறகு வீட்டுக்கு வருவதைப் பலர் குறைத்திருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான். அன்று ஃபோன் ஏறும்வரை உட்கார வேண்டியிருந்ததால் உட்கார்ந்தார்கள். அவரோடு லாரி ஓட்டியவர்கள் இருவர் பழைய சண்டை ஒன்றைத் திரும்பப் பேசினார்கள். அவர் மூச்சு வாங்க வாங்கத் திருத்தினார். “டேய், பொய் சொல்றான்டா இவன்” என்றார். நான் அந்த நம்பரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவர்களை அனுப்பிவிடவும் மனமில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் வேறு ஊர்க் கரையில் பத்திரமாக ஒதுங்கியிருப்பதாக ஃபோன் வந்தது. பேட்டரி தீர்வதற்குச் சற்று முன்னால் கரண்ட் வந்துவிட்டது. சிலிண்டரைத் தொடவே இல்லை.

மாசியில் அவர் போய்விட்டார். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடியது, சிலிண்டர் நிறைந்திருந்தது. ஒரு பகல் நேரத்தில், மகள் கையைப் பிடித்திருக்க, மூச்சு நின்றது. மெஷினை யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை. வீடு திடீரென்று பெரிதானது போலிருந்தது.

வெயில் காலத்தில் போல்ட்டுகளை முறுக்கிவிட்டுப் போக வந்த பாய், மாடியிலிருந்து இறங்கிக் கதவோரம் நின்றார். “தங்கச்சி, இத நான் சொல்லியாவணும். மெஷின் இல்ல. வர்ற கரண்ட்ட செலவு பண்ண வீட்டுல ஆள் இல்ல. அஞ்சு வருஷம்னு சொன்னது இனிமே வராது. ரொம்ப நீளும்.”

எனக்கு அது உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. பேனல் எனக்கும் பொண்ணுக்கும் என்று அவர் போட்ட கணக்கு, அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே வருகிற கணக்கு. அவர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது. கேட்க முடியாது.

பேட்டரியை விற்கிறீர்களா என்று பாய் கேட்டார். பக்கத்து ஊர் பெருமுக்கலில் ஒரு வீட்டில் மனைவிக்கு இதே மெஷின் ஓடுகிறதாம். மகளைக் கேட்டேன். குடுத்துடும்மா என்றாள். நேரில் பேசிவரலாம் என்று நான் பாயோடு போனேன். அந்த வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப்போட்டுவிட்டு, முதலில் கேட்டது அதைத்தான்.

“இதுல போட்ட காசு எத்தினி வருஷத்துல வரும்ங்க?”

பாய் என்னைப் பார்த்தார்.

“வராதுங்க” என்றேன்.

“அப்பால எதுக்கு நீங்க வாங்கினீங்க?”

“கரண்ட் போன அன்னிக்கு, வீட்டுலயே அவரு பக்கத்துல நான் உட்கார்ந்து இருக்க முடிஞ்சுது.”

அவர் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, இரண்டு தவணையாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். உள் அறையிலிருந்து அவர் மனைவி, மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று உரக்கக் கேட்டார்: “வந்தவங்களுக்கு டீ குடுத்தீங்களா?”